விசிறி நின்றால் வெளிச்சம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடியவர்களின் முகங்கள் எனக்கு நினைவில்லை. குரல்கள்தான் இருக்கின்றன. பனிக்குள்ளிருந்து "இங்க லா, இங்க" என்று ஒருவர் கூப்பிடுவார். எங்கோ பந்து உதைபடும். வெளிச்சத்துக்குள் ஒரு கால் வரும், ஒரு தோள் வரும், உடனே வெள்ளையாய் மறைந்துவிடும். ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் பந்தை எடுத்துக்கொண்டு வெகுதூரம் ஓடி, யாரும் தடுக்காததில் சந்தோஷப்பட்டு, சொந்த கோலிலேயே அடித்துவிட்டார். கோல்காவலர் அவரைத் திட்டியது நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள்வரை கேட்டது.

எழுபதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. எனக்குப் பத்து, பதினொரு வயது. திடல் தேயிலை பேக்டரிக்குக் கீழே, எங்கள் லயங்களுக்கு மேலே, மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. நாலு மூலையிலும் நாலு காட்டுமரக் கம்பங்கள். கம்பத்துக்கு மூன்று பல்புகள். பல்புக்குப் பின்னால் பிஸ்கட் டின்னை வெட்டி வளைத்து என் அப்பா செய்த தகடுகள். பக்கத்துத் தோட்டங்கள் எதிலும் அப்போது விளக்குப் போட்ட திடல் கிடையாது என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள். அது நிஜமா என்று நான் விசாரித்ததில்லை. விளக்கைப் போடுகிறவர் என் அப்பா. எனக்கு அது போதும்.

அப்பாவுக்கு பேக்டரி இஞ்சின் ரூமில் வேலை. எழுத்து தெரியாது. இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே எண்ணெய் குறைகிறது என்று சொல்லிவிடுவார். அந்த ஒரே இஞ்சின்தான் பேக்டரிக்கும் திடலுக்கும் மின்சாரம் தந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கும் பலம் அதற்கு இல்லை. பேக்டரி மாடியில் நீளநீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, பெரிய விசிறிகளால் காற்று விட்டு வாட்டுவார்கள். சாயங்காலம் வந்த கொழுந்து விடியும்வரை அந்தக் காற்றில் கிடக்க வேண்டும். நடுவில் காற்று நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். அதனால் கொழுந்து இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளக்குப் போடலாம் என்பது தோட்டத்து மேனேஜரான துரையின் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழகினால் பக்கத்து ஊரான திரிங்காப்பின் காய்கறித் தோட்டத்துக்காரர்களை ஜெயிக்க முடியாது என்று பெரிய கிராணி நினைத்தார். ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். பந்துக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். வாரநாளில் ஒருமணி நேரம் விசிறிகளை நிறுத்தி விளக்குப் போடச் சொல்லி அப்பாவிடம் அவர் கேட்டார். அப்பாவால் மறுக்க முடியவில்லை. மறுக்க ஆசையும் இருந்திருக்காது. அந்த விளக்குகளின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

துரையின் பங்களா எதிர்மலையில் இருந்தது. வானம் தெளிந்த நாளில் திடலில் ஒரு தீக்குச்சி கிழித்தாலும் அங்கிருந்து தெரியும். ஆகவே பனி இறங்கும் நாள்களில் மட்டும்தான் வாரநாள் ஆட்டம். ஆறரை மணிக்கு பேக்டரி மேற்பார்வையாளர் சாப்பிடப் போவார். பனி மலைச்சரிவில் இறங்கி, செடிகளை மூடி, கோல்கம்பத்தையும் மூடும். வாசலில் நின்று எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருப்போம்.

விசிறியின் இரைச்சல் எங்கள் வாழ்க்கையில் எப்போதும் இருந்தது. இருக்கிறது என்பதே தெரியாது. அது நின்றால்தான் தெரியும். திடீரென்று காது அடைத்துக்கொண்டது போல ஒரு நிசப்தம் வரும். அடுத்த வீட்டில் யாரோ தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கும். பத்து எண்ணுவதற்குள் மேலே பனி மஞ்சளாக மாறும். இன்றும், நான் கற்பிக்கும் வகுப்பில் மின்விசிறி நின்றுவிட்டால் என் கண் தன்னால் ஜன்னலுக்குப் போகிறது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் எதுவோ வரப்போகிறது என்று உடம்பு சிலிர்க்கிறது.

கொழுந்து சிவந்ததற்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெண்கள் கூடையில் அமுக்கி அமுக்கிக் கொண்டுவருவதால்தான் சூடேறுகிறது என்று கொழுந்தெடுக்கும் கும்பலை மேய்த்த கங்காணி முடிவுகட்டினார். என் அம்மாவும் அந்தக் கும்பலில் கொழுந்தெடுத்தவர். எடைபோடும் இடத்தில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பார்த்து, இன்றைக்கும் உங்கள் பந்துக்கு நான்தான் அடி வாங்கினேன் என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதுவார். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த பனிக்கு மறுபடியும் விசிறி நிற்கும்.

யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு மலைக்குக் கீழே ஈப்போ நகரப் பக்கத்திலிருந்து புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். அவர்தான் என்னை ஆங்கிலத்தில் கட்டுரை எழுதவைத்தார். தலைப்பு, என் அப்பா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டி எழுதினேன். ஆசிரியர் வினைச்சொற்களைத் திருத்தினார். பேக்டரி நடைமுறை எதுவும் அவருக்குத் தெரியாது. பரிசளிப்பு விழாவில் நானே அதை வாசிக்க வேண்டும் என்றார்.

விழா ஞாயிற்றுக்கிழமை, திடலில் நடந்தது. தலைமை துரை. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய இரட்டைச் சடையோடு ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன். என் குரல் மலையில் மோதி இங்கிலீஷில் திரும்பி வந்தது. முன்வரிசையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பா விசிறிகளை நிறுத்துவார், பனிக்குள் வெளிச்சம் வரும், மேலே இருக்கும் துரைக்குத் தெரியாமல் எங்கள் ஆட்கள் பந்து விளையாடுவார்கள் என்று நான் வாசித்தபோது, சபையில் அது புரிந்தவர்கள் மூன்று பேர்தான். ஆசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். கிராணி தரையைப் பார்த்தார். துரை பார்வையை என்மேலிருந்து எடுக்கவில்லை.

ஏன் எழுதினாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ரகசியம் என்பது லயத்தில், தமிழில் இருப்பது. ஆங்கிலம் பாடப்புத்தகத்தில் இருப்பது. அங்கே சொன்னது இங்கே வந்து சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசித்து முடித்ததும் முதலில் கைதட்டியவர் அப்பா. இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தி, எண்ணெய்க் கறை போகாத அந்த விரல்களால் தட்டினார். திடலே தட்டியது. துரையும் தட்டினார். என் கையைக் குலுக்கிவிட்டு, காகிதத்தைத் தரமுடியுமா என்று கேட்டார். கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது பெருமைதான். மற்றது அதற்குப் பிறகே வருகிறது. இந்த வரிசையை மாற்ற நான் எவ்வளவோ முயன்றுவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் லயத்துக்கு வந்ததே இல்லை. அம்மா போட்ட பலகையில் உட்காராமல் நின்றபடியே நான் வாசித்தது என்ன என்று அப்பாவுக்குச் சொன்னார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம் துரை கூப்பிடுவாரு," என்றார் கிராணி. "பிள்ளைக்குக் கதை கட்டற புத்தி, சும்மா எழுதிருச்சுன்னு சொல்லிடு. சிரிச்சிட்டு விட்டுடுவாரு லா. நான் பேசிக்கிறேன்."

அப்பாவின் குரல் கேட்டது. "எங்க வீட்டுல மொதல்ல எழுதினவ அவதாங்கய்யா. அதைப் போயி பொய்யின்னு சொல்லச் சொல்றீங்களே."

கிராணி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கடைசியில் தன் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டுப் போனார். அப்பா அதைக் காப்பாற்றினார். மறுநாள் ஆபீசில், பிள்ளை எழுதியது சரிதான், நிறுத்தியது நான்தான் என்று மட்டும் சொன்னாராம். அன்றைக்கே இஞ்சின் ரூமிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். களைக்கொல்லி மருந்தடிக்கும் கும்பலில் போட்டார்கள்.

கங்காணி அதன்பிறகு பெண்களைத் திட்டவில்லை. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அப்பா மருந்துத் தகரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவுகளில் ஏறி இறங்கினார். குளித்தாலும் அந்த வாடை போகாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் பாடம் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை விளக்கையும் துரை நிறுத்திவிட்டார். கம்பங்களில் டின் தகடுகள் மட்டும் தொங்கின. காற்றடித்தால் ஒன்றோடொன்று முட்டும். நான் திடல்பக்கம் போனால், "இங்லீஷ் அம்மா வருது, எல்லாத்தையும் ஒளிச்சு வைங்கடா" என்று பையன்கள் சொல்வார்கள். அப்பா அதற்கப்புறம் திடலுக்கு வரவே இல்லை.

தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளிக்குப் போன ஐந்து வருடமும் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தத் திடலைக் கடந்துதான் வீட்டுக்கு வரவேண்டும். மழைக்காலத்தில் நாலு மணிக்கே பனி வந்துவிடும். புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பேன். நடுத்திடலுக்கு வந்ததும் காலடிச் சத்தம் கேட்கும். என்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும். நின்று பார்ப்பேன். நான் நின்றபிறகும் இன்னும் ஓர் அடி விழுவது போல இருக்கும். யாரோ என்னிடம் பந்தைக் கேட்பது போலவும் இருக்கும். ஓடியிருக்கிறேன். ஓடியதை யாரிடமும் சொன்னதில்லை. படித்த பெண் பயப்படலாமா.

ஆசிரியர் பயிற்சியை முடித்து, வேலைக்கு உத்தரவு வந்த வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதுகளின் நடுவில். அப்பா மார்ச்சளியோடு கட்டிலில் படுத்திருந்தார். மத்தியான நேரம், அம்மா கொழுந்துக்குப் போயிருந்தார். உத்தரவுக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னிக்குத் திடல்ல வாசிச்சியே," என்றார். "விசிறி சங்கதி எனக்குத் தெரியும். மத்தது என்னம்மா எழுதியிருந்த? தமிழ்ல சொல்லேன்."

இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறந்தேன். எனக்கு எதுவும் நினைவில்லை. விசிறியைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியங்கள்தான் மண்டைக்குள் தேய்ந்து தேய்ந்து கிடந்தன. அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்ததெல்லாம் துரையின் சட்டைப்பையோடு போய்விட்டது. அப்பா காத்திருந்தார்.

சொல்ல ஆரம்பித்தேன். என் அப்பா இஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைக் கண்டுபிடிப்பார் என்றேன். பிஸ்கட் டின்னிலிருந்து அவர் வெளிச்சம் செய்வார் என்றேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மழையில் தூக்கிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நடந்தார், பெரியவளானதும் நான் அவரைக் காரில் ஏற்றிப் போவேன் என்று சொன்னேன். எங்கள் தோட்டத்தில் அவரைவிடக் கெட்டிக்காரர் யாரும் இல்லை என்றும் சொன்னேன். பதினொரு வயதுப் பெண் எழுதக்கூடியது போலவே ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன வாக்கியமாக அமைத்தேன். என் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இருமல் வந்தபோது கையைத் தூக்கி என்னை நிறுத்தி, இருமி முடித்து, மேலே சொல் என்று சைகை காட்டினார்.

"இவ்வளவும் அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

"அப்ப துரை இதையும் படிச்சிருக்காரு," என்றார்.

"படிச்சிருப்பாருப்பா," என்றேன்.