உட்காரக் கூடாத ஊஞ்சல்

எங்கள் துணிக்கடை வாசலில் இருந்த சோபாவை மால்காரர்கள் போன மாதம் தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூ சுற்றிய ஊஞ்சல் ஒன்று தொங்குகிறது. போட்டோ எடுப்பதற்காம். துணி வாங்க வருகிறவர்களைவிட ரீல்ஸ் எடுக்க வருகிறவர்களுக்குத்தான் இப்போது இங்கே மரியாதை.

இன்று மத்தியானம் ஓர் அக்கா கணவரோடு வந்தார். அக்காவுக்குப் பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கிற செக்கிங் வேலையாம். ஏழு மாதக் கர்ப்பம். கணவர் சட்டை போட்டுப் பார்க்க உள்ளே போனதும், இவர் ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

மேனேஜர் உடனே என்னை அனுப்பினார். "எந்திரிக்கச் சொல்லு. அது போட்டோவுக்கு மட்டுந்தான்."

போய்ச் சொன்னேன். சொல்லும்போதே கூசியது.

"ஏனுங்க, ஊஞ்சல்னா உக்கார்றதுக்குத்தானுங்களே?" என்றார் அக்கா. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அப்படியும் எழப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க்கா. உங்க போனைக் குடுங்க."

வாங்கி, போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். மேனேஜர் திரும்பும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் சிரிங்க்கா!" என்று சத்தம் போட்டேன். விஷயம் புரிந்து அக்கா நிஜமாகவே சிரித்தார். கணவர் பில் போட்டு வரும்வரை இருபது நிமிடம் விடாமல் எடுத்தேன்.

மேனேஜர் பக்கத்தில் வந்தார். "சூப்பர். நம்ம பேஜை டேக் பண்ணச் சொல்லு."

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "நீங்க எங்கீங்க உக்காருவீங்க?"

பத்து மணி நேரமும் நின்றே வேலை பார்க்கிற என்னிடம் இந்த மாலில் யாரும் கேட்காத கேள்வி.

உங்கள் ஊர் மாலில் வேலை பார்க்கிறவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா? இருந்தால் கமெண்டில் போடுங்கள். போட்டோ வேண்டாம், முகவரி போதும்.