கௌசல்யா வேலைக்கு வருவதில்லை

வீட்டுக்கடன் கேட்டவர் எழுதிக் கொடுத்ததெல்லாம் நிஜமா என்று பைக்கில் போய்ப் பார்த்து, படிவத்தில் டிக் அடித்து வருவது என் பிழைப்பு. கடனுக்கு அலைந்த நீங்களும் என்னைப் போல ஒருத்தனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, தெரு திரும்பியதும் திட்டியிருப்பீர்கள். இதைப் படித்தால் இன்னும் கொஞ்சம் திட்டத் தோன்றும்.

பூட்டிய வீடு

நாமக்கல்லில் ஒரு வாடகை வீடு. கடன் கேட்டவர் கௌசல்யா, புதுச்சத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில், நூலின் தரம் பார்க்கும் லேப்பில் வேலை. கணவர் பிரபு மேட்டூர் வேலையை விட்டுக் கோழித்தீவனக் கம்பெனியில் சேர்ந்து இரண்டே மாதம். ஆறு மாதம் ஆகாமல் புது வேலைச் சம்பளத்தை எங்கள் ஆபீஸ் மதிக்காது. ஆக, கௌசல்யாவின் சம்பளத்தை நம்பித்தான் கடன்.

வீடு பூட்டியிருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. அவருடைய முதல் வரியோடு வண்டியைக் கிளப்பிவிட்டேன். "அந்தப் புள்ள இங்க இல்லீங்க, அம்மா ஊட்டுக்குப் போயி மாசக் கணக்காச்சு."

மில் கேட்

அடுத்து மில். செக்யூரிட்டி பதிவேட்டை எச்சில் தொட்டுப் புரட்டினார். வேலைக்கு வருவதில்லை என்று நான் டிக் அடித்தது இவரை நம்பித்தான். "மூணு மாசமா வர்றதில்லீங்க, ஏன்னு எனக்கெப்படீங்க தெரியும்?"

பிரபு வந்தார்

கடன் நின்றுபோனது. வீட்டை விற்பவரோ, மாதக் கடைசிக்குள் கிரயம் ஆகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாராம். பத்து நாள்தான் பாக்கி. பிரபு நேராக எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் செல்போனை எடுத்து, தொட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பிரசவ லீவுங்க. மொதப் பிரசவம் அம்மா ஊட்லதானுங்க பாப்பாங்க, உங்க ஊட்ல எப்படீங்க?"

லேப்

மேனேஜர் லேசில் மசியவில்லை. லீவு சரி, திரும்பி வருவார் என்பதற்கு மில்லின் கடிதம் வேண்டும் என்றார். பாவம் செய்தவன் நான், நானே வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன்.

இந்த முறை கேட்டோடு நிற்காமல் லேப்புக்கே போனேன். சூப்பர்வைசர் கடிதத்தை நீட்டும்போதே அவருடைய போன் அடித்தது. மேச்சேரி அம்மா வீட்டிலிருந்து கௌசல்யா. நூல் எந்த மெஷினில் அறுகிறது, சாம்பிள் எடுத்தாச்சா, காலையில் சொன்னது என்ன ஆச்சு என்று கேள்விமேல் கேள்வி. சூப்பர்வைசர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "திரும்பி வருவாங்களான்னா கேக்குறீங்க? மொதல்ல அவங்க போனாத்தானுங்க வர்றதுக்கு!"

பத்திர ஆபீஸ்

கடன் கிடைத்தது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கிரயம். பத்திர ரசீதை வாங்கி வர என்னை அனுப்பியிருந்தார்கள். கௌசல்யாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் யார் என்று பிரபு காதில் சொன்னதும், என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, இருவரும் கையெழுத்துப் போட உள்ளே போய்விட்டார்கள்.

கைரேகை, போட்டோ எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். அதற்குள் பையன் வீறிட்டு அழுதான், தோளில் பாலைக் கக்கினான், சட்டையை நனைத்தான், நான் உட்கார்ந்தால் மறுபடி அழுதான். ஆபீஸ் வராண்டாவை எத்தனை தடவை சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. வெளியே வந்த கௌசல்யா சிரித்துவிட்டார். "நான் வேலைக்கே போறதில்லைன்னு எழுதுனது நீங்கதானுங்களா? இத்தன நாளா என்ன வேல பாத்தேன்னு இப்பத் தெரியுதுங்களா சாமி?"

இத்தனை வருடத்தில் நான் முழுசாகச் சரிபார்த்த ஒரே வேலை அதுதான். செலவு, முக்கால் மணி நேரமும் ஒரு சலவைச் சட்டையும்.