சீரியலில் வந்த கொரிய குக்கர்

இன்று மத்தியானம் கலிபோர்னியாவில் சான் ரமோன் ஊரிலுள்ள ஆபீஸிலிருந்து தோழி லின்னோடு ரைஸ் குக்கர் வாங்கப் போனேன். பெய்ஜிங்கிலிருந்து வந்திருக்கும் அவள் அம்மாவும் வந்தார்.

“ஜப்பான் குக்கர்தான் வாங்கணும். கொரியா சாமான் சீக்கிரம் ரிப்பேர் ஆயிடும்” என்றாள் லின்.

அம்மாவோ ஒரு கொரிய குக்கரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சீன மொழியில் ஏதோ சொன்னார். லின் அதை எனக்கு எடுத்துச் சொன்னாள்.

“அங்க டிவியில கொரியன் சீரியல் பாக்கறாங்களாம். அதுல இதே மாதிரி குக்கரை நடுவுல வச்சு வீடே ஒண்ணா சாப்பிடுமாம். அப்பா போனப்புறம் அம்மா தனியாத்தானே சாப்பிடறாங்க.”

அதையே வாங்கினாள்.

“அம்மா உன்னையும் டின்னருக்குக் கூப்பிடறாங்க. வந்துடு.”

போகப்போகிறேன்.

சீரியல் பார்த்து நானும் ஒரு புடவை வாங்கியிருக்கிறேன். நீங்கள் வாங்கியதையும் எழுதுங்கள். நான் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது!