அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் சாவி. இடுப்பில் எப்போதும் பத்துப் பதினைந்து சாவிகள் தொங்கும். எல்லாம் அடுத்தவர் வீட்டுச் சாவிகள். இருபத்தாறு வருடம் வீட்டுத் தரகு பார்த்தவர். வாய் இருந்தது, லைசென்ஸ் இல்லை. இனி லைசென்ஸ் இல்லாமல் யாரும் வீடு காட்டக் கூடாது என்று உத்தரவு வந்ததும் மனிதர் ஆடிப்போனார். வேறு தொழில் தெரியாது. வீட்டில் மூன்று பேர் அவரை நம்பித்தான் இருந்தோம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதில் நானும் ஒருவன்.

ஐம்பத்து நான்கு வயதில் பரீட்சைக்குப் படித்தார். நான் கேள்வி கேட்பேன், அவர் முகம் மழித்துக்கொண்டே ஒப்பிப்பார். 'தெரிந்த குறையை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது' என்ற விதி வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். காரணம் பிறகுதான் தெரிந்தது.

தேறிவிட்டார். ஆனால் லைசென்ஸ் அலுவலகத்தில் ஒரு கொக்கி போட்டார்கள். அவர் விற்ற வீடுகளில் ஒன்றை அவர்களே பொறுக்கி எடுப்பார்களாம். அதை வாங்கியவர் நற்சான்று எழுதித் தந்தால்தான் லைசென்ஸ். அவர்கள் எடுத்தது ஒரு டீச்சருக்கு விற்ற வீடு.

அப்போதுதான் அத்தான் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டுப் படுக்கையறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. வெள்ளை அடித்து, கனத்த மர அலமாரி ஒன்றைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, "அலமாரியும் வீட்டோட சேத்திதான் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே விற்றவர் இவர். அன்றிலிருந்து டீச்சரைக் கண்டால் எதிர்ப் பக்கம் நடப்பார். இதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த வருமானத்தில் நானும்தானே சாப்பிட்டேன்?

மறுநாள் இருவரும் போனோம். டீச்சர் ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். கத்தவில்லை. நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனார். அலமாரி அதே இடத்தில் இருந்தது.

"மழை வந்தா எனக்கு மூச்சிரைக்குது. படுக்கவே முடியல."

"தப்புதான் டீச்சர்."

"உங்க தப்ப வெச்சு நான் என்ன பண்றது? இந்த வீட்ட விட்டுப் போயிடுங்கன்னு டாக்டர் சொல்றார். சான்று எழுதித் தர்றேன். எனக்கு எப்படி வித்தீங்களோ, அதே மாதிரி இன்னொருத்தருக்கு வித்துக் குடுங்க. அலமாரிய நான் தொடவே இல்ல."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சரி டீச்சர்," என்றார்.

முத்து முத்தான கையெழுத்தில் 'நேர்மையானவர்' என்று எழுதிக் கொடுத்தார் டீச்சர்.

லைசென்ஸ் வந்தது. போட்டோ ஒட்டிய சின்ன அட்டை. அக்கா அதை வாங்கி வாங்கிப் பார்த்தாள். முதல் வேலையே டீச்சர் வீடுதான். ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். படுக்கையறையில் அந்தப் பெண் அலமாரிப் பக்கம் கை காட்டி, "தொட்டில இங்க போட்டுக்கலாம்" என்றாள்.

அத்தான் அந்தக் குழந்தையைப் பார்த்தார். பிறகு அலமாரிக்குத் தோள் கொடுத்தார். அது அசையவில்லை.

"என்னடா வேடிக்கை பாக்கற? பிடி!"

இருவரும் தள்ளினோம். பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. தொட்டதும் பூச்சு உதிர்ந்தது.

"இது ஊறின சுவருங்க. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க," என்றார் அத்தான்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் கதவருகே டீச்சர் நிற்பதைக் கவனித்தேன்.

"ரெண்டு தடவ என்கிட்ட பொய் சொல்லிட்டீங்க," என்றார். குரல் உயரவில்லை. "ரெண்டு தடவையும் இந்தச் சுவரோட கிடக்கறது நான்தான்."

அத்தானின் கை சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுவிட்டு இறங்கியது. அலமாரியைப் பழையபடி நகர்த்தட்டுமா என்று நான் கேட்டேன்.

"வேண்டாம், இனிமே அது எதுக்கு?" என்றார் டீச்சர்.