யோகண்ணை காணாத மாடுகள்

யோகண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் துளசி தொலைபேசியில் சொன்னபோது, நான் தொழிற்சாலையின் உடுப்பு மாற்றும் அறையில் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நின்றேன். மற்றச் சப்பாத்தைப் போட நெடுநேரம் பிடித்தது. டென்மார்க்கில் எங்கள் வைலே நகரில் அவரை அறியாத தமிழர் குறைவு. அறிந்த உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இறைச்சித் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேல் அடுத்தடுத்த மேசைகளில் நின்று மாட்டு எலும்பு நீக்கினோம். வாய் ஓயாத மனிதர். என் கத்தி மழுங்கினால், "உன்ர மூளையையும் ஒருக்காத் தீட்டடா" என்பார். ஓய்வூதியம் எடுத்த கையோடு, "ஃபோர்ட் வொர்த் போவம், வாறியோ?" என்று கேட்டார். டெக்சஸில் கௌபோய்களுக்குப் பேர்போன நகரம் அது. அங்கே பழைய மாட்டுச்சந்தைத் தெருவில், நீண்ட கொம்பு மாடுகளைக் குதிரைக்காரர்கள் இன்றும் முற்பகலில் ஒருமுறையும் பின்னேரம் நாலு மணிக்கு ஒருமுறையும் நடத்திச் செல்கிறார்கள். "பார்க்கக் காசும் இல்லையடா" என்றார். இரண்டு இடத்தில் மாறிப்போகும் மலிவான விமானம், டலஸிலிருந்து ரயில் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார். ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்க வழி சொன்னவன் நான். டலஸில் என் மச்சாள் வீடு இருந்தது.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் நாட்கள் நம் கையில் இல்லை என்பது நமக்குத் தெரியாததா? முதல் நாள் கோயில். மறுநாள் ஒரு வீட்டில் தேநீர், இன்னொரு வீட்டில் இரவுச் சாப்பாடு. கடைசி நாள் காலை யோகண்ணை வெளிக்கிட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மச்சாள் மறித்தாள்.

"எங்க வெளிக்கிட்டிட்டியள்? என்ர மனுசன்ர தமக்கை வீட்டில மத்தியானச் சாப்பாடு. ஆட்டிறைச்சி எல்லாம் வாங்கிப்போட்டினம். போகாட்டிக் கோவிப்பினம்."

யோகண்ணை என்னைப் பார்த்தார். என் உறவு. மறுப்பதென்றால் நான்தான் மறுக்க வேண்டும். "ஓம், வாறம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டாரைச் சிரிக்கவைக்க, "மாடுதானே அண்ணை, டென்மார்க்கில இல்லாத மாடோ?" என்றும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

விருந்து முடிந்து, கதை முடிந்து, பால் விடாத பிளேன்ரீயும் முடிந்து நாங்கள் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணியாகிவிட்டது. செங்கல் பாவிய தெருவில் சாணம் இன்னும் காயவில்லை. பின்பக்கம் பட்டிக்குள் மாடுகள் அசையாமல் நின்றன. யோகண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு வருசமும் மாட்டைத் தொங்கத்தான் பார்த்தனான். ஒருக்கா நடந்து போறதைப் பார்க்கவேணுமெண்டு ஒரு ஆசை. பரவாயில்லை, நிக்கிறதையாவது கண்டன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வைலே திரும்பியதும், "கைக்கெட்டுற தூரத்தில போச்சுதுகள், என்ன நடை!" என்று அளந்தார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். என்னை விட்டுக்கொடுக்காமல் இருக்கச் சொன்ன பொய் அது. அடுத்த வருடம் திரும்பப் போவோம் என்று நான் ஒவ்வொரு வருடமும் சொன்னேன். அவரும் ஒவ்வொரு முறையும், "ஓமோம், போவம்" என்றார்.

செத்தவீட்டில் துளசி என் கையைப் பிடித்து டேனிஷில், "அப்பா அந்த மாடுகள் நடந்து போனதைப் பார்த்துவிட்டார். உங்களுக்குத்தான் நன்றி" என்றாள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்காக நித்திரை இல்லை.

அவர் நேரங்கள் எழுதிய தாள் என்னிடம்தான் இருக்கிறது. நாலு மணியைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறார். துளசி, உனக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்று தெரியும். யாராவது இதை உனக்கு வாசித்துக் காட்டட்டும். அப்பா மாடுகள் நடந்து போனதைக் காணவில்லை. அவர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றார். கழற்ற வைத்தவன் நான்.