பீடி என்று சொன்னவர்

ஆவூரில் வாடகைக் கார் ஓட்டிய ஒரே ஆள் மரியசெல்வம். 1957 ஐப்பசியில், காய்ச்சலில் கிடந்த மகளைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நாளில், பெட்ரோல் பில்டர் அடைத்துக் கார் நின்றது. புது பில்டர் கையில் இருந்தது. மழை பெய்ததால் வாசல் கொட்டகைக்குள் காரைத் தள்ளினார்.

“சவேரி, அடுப்ப அணைச்சிட்டியா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“அப்பவே தண்ணி ஊத்திட்டேங்க. வெரசா முடிங்க, புள்ள அனத்துது.”

பாட்டரி வயரையும் கழற்றிவிட்டுத்தான் பில்டரில் கைவைத்தார். பெட்ரோல் கீழே வைத்த தகர டப்பாவில் சொட்டியது. வாசலை ஒட்டி, மாதா படத்துக்கு முன்னால் மகளுக்காக அவள் ஏற்றிய மெழுகுத்திரி எரிந்துகொண்டிருந்தது. அது வேண்டுதல், இருவருமே அதை நெருப்பாக நினைக்கவில்லை.

குப்பென்று பற்றியது. ஈரச் சாக்கால் அணைத்தார். கார் தப்பியது, வெந்த கைகளால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. மாட்டுவண்டி பாதி வழி போவதற்குள் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

“எப்படிங்க பத்துச்சு?” என்று கேட்டாள்.

“பீடி பத்தவெச்சேன்.”

அன்று அவர் பீடியைத் தொடவே இல்லை. அந்தப் பீடியை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஞாயிறுதோறும் கோவிலில் மகளுக்காக மெழுகுத்திரி ஏற்றினாள். அவர் வெளியே, காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.