முயலின் முழங்காலுக்குள் பார்த்தது

உருகிய மெழுகின் மணம் என் தலைமயிரிலேயே தங்கிவிட்ட காலம் அது...

யுத்த நாட்கள். தலைநகரில், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். என்னோடு வேலை செய்தவள் மாளிகாவத்தையைச் சேர்ந்த ரிஃப்கா. இருவருக்கும் ஒரே வயது, அதுதான் முதல் வேலை.

மூட்டுத் தேய்வில் முழங்கால் எலும்புக்கு என்ன நடக்கிறது என்பதுதான் ஆய்வு. முயலின் முழங்காலைப் பிடித்து வைத்திருக்கும் நார் ஒன்றை வெட்டிவிட்டால், நமக்குப் பல வருடங்களில் வருவது அதற்குச் சில வாரங்களில் வரும். பிறகு அந்த எலும்பை மெழுகில் பதித்து, மயிரிழையிலும் மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவோம். குருத்தெலும்பு சிவப்பாகும், எலும்பு பச்சையாகும்.

நல்ல மைக்ரோஸ்கோப் இருந்தது பம்பலப்பிட்டியில். மாதக்கணக்கான வேலையை ஒரு பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனோம். வழியில் செக்பொயின்ற். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்...

"பயப்பட வாணாம், நான் பேசுறேன்" என்றாள் ரிஃப்கா.

ஆமிக்காரன் பெட்டியைத் திறந்தான். "மே மொனவாத?" இவையெல்லாம் என்ன என்று கேட்டான்.

ஆய்வுக்கு வெட்டிய முயலின் எலும்பு என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். அவன் ஒரு கண்ணாடியை எடுத்து வெயிலில் பிடித்தான். கை நழுவினால் எல்லாம் போச்சு.

"முயலுக்கு நொந்ததா?" என்று கேட்டான்.

"வெட்டக்குள்ள மயக்க மருந்து குடுத்தது. பொறகு நொந்திருக்கும்" என்று அவள் பொய் சொல்லாமல் சொன்னாள்.

அவன் கண்ணாடியை விளிம்பில் பிடித்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

பம்பலப்பிட்டியில் முதலில் நான்தான் குனிந்து பார்த்தேன். மேலே சிவப்பு, கீறல்கூட இல்லை. அதற்குக் கீழே எலும்பு அரித்து அரித்து ஓட்டையாகி இருந்தது. ஓரத்திலோ, யாரும் கேட்காமலே புது எலும்பு முளைத்து, ஆடுகிற மூட்டுக்கு முட்டுக் கொடுக்கப் பார்த்தது.

"எடி, மேல ஒண்டும் தெரியேல்ல. கீழ இடிச்சு இடிச்சுக் கட்டுது!"

ரிஃப்கா பார்த்தாள். "அல்லாஹ்... இதுக்கு யாரு சொல்லிக் குடுத்த?"

எலும்பு என்றால் செத்த பொருள் என்று நினைத்திருந்த எனக்கு உடம்பு புல்லரித்தது. அந்தப் பின்னேரம் முழுவதும் மாறி மாறிப் பார்த்தோம்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் என் முழங்காலை ஸ்கான் செய்தார்கள். வெட்டாமல், சீவாமல், நிமிடங்களில் எல்லாம் திரையில் வந்தது. "தேய்ஞ்சு போச்சு அன்ரி" என்றார் டொக்டர். ஓரத்தில் முளைத்திருந்த எலும்பைக் கண்டதும் எனக்கு நோவே மறந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் பாக்கலாமோ?" என்று கேட்டேன்.

அதற்குள் அவர் அடுத்தவரின் படத்தைத் திறந்துவிட்டார்.